சுவர் காயட்டும், நிறம் பிறகு பார்க்கலாம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். முன் அறைக்கு வெளிர் மஞ்சளா, சாம்பல் கலந்த பச்சையா என்று கேட்டிருக்கிறாய். ஃபோனில் பார்த்து நான் நிறம் சொல்ல மாட்டேன் கண்ணு. கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ற மாதிரி நிறத்தைத் தானே மாற்றிவிடும். அந்தப் படத்தில் என் கண்ணில் பட்டது வேறு. ஜன்னலுக்குக் கீழே, தரையை ஒட்டின சுவரில் பெயின்ட் பொரிந்து, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. முதலில் அதைக் கவனி.

பழைய வீட்டில் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான் பூசியிருப்பார்கள். அது ஈரத்தை உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற முடியாமல் பின்னாலேயே தங்கும். கரைந்த உப்பு அங்கே படிகமாகிப் பூச்சையே தள்ளிவிடும். யாராவது “சிமென்ட் போட்டு மூடிடலாம்” என்றால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதே. மூடின இடத்துக்கு மேலே ஓதம் ஏறும், அவ்வளவுதான். வெளியே போய்ப் பார். மண் உள்தரையைவிட உயரமாகக் குவிந்திருக்கிறதா, மழைநீர்க் குழாய் எங்காவது ஒழுகுகிறதா? காரணத்தைச் சரிசெய்த பிறகும் சுவர் காய நாள் பிடிக்கும். ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. அதுவரை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்து வை, அது ஈரத்தைத் தடுக்காது.

சந்தேகமான இடங்களில் ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டாலே பெரும்பாலும் குறையும்.

இனி நிறம். ஷேட் கார்டில் விரலளவு இருக்கிற மஞ்சள், நாலு சுவரிலும் ஏறினால் அழுத்தமாகிவிடும். ஒரு சுவரில் பட்ட வெளிச்சம் எதிர்ச் சுவரில் தெறித்து நிறத்தைக் கூட்டும். அதனால் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதையும் வாங்கிப் பார். சுவரில் நேராக அடிக்காதே; பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, சுற்றிலும் வெள்ளை ஓரம் விடு. பக்கத்து நிறம் கண்ணை ஏமாற்றும். சாயப் பட்டறையில் கறுப்பு மங்கலாக இருக்கிறது என்று வந்த புகாரை ஆராயப்போய், குறை சாயத்தில் இல்லை, அருகில் இருந்த நிறங்களில்தான் என்று கண்டுபிடித்தவர் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். உன் பழைய நீலச் சுவர்மேல் எந்த மஞ்சளை வைத்தாலும் அது உள்ளதைவிட மஞ்சளாகத்தான் தெரியும்.

அட்டையைக் காலையில் ஜன்னலோரம் வை, மதியம் இருட்டு மூலைக்குக் கொண்டு போ, இரவில் விளக்கின் கீழே பார். அதற்கு முன்னால் எந்த பல்பு போடப்போகிறாய் என்று முடிவு செய்துவிடு. 2700 கெல்வின் என்று போட்ட மஞ்சள் ஒளி பல்பில் எல்லாமே மஞ்சள் சாயலாகும். 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் உன் சாம்பல் பச்சை நீலச் சாயலாகிவிடும். தரையையும் மறந்துவிடாதே. சிவப்புத் தரையில் வெயில் விழுந்தால் சுவரின் கீழ்ப்பாதி சிவக்கும். என்னைக் கேட்டால் அந்த அறைக்குப் பச்சைதான் பொருந்தும் என்பேன், ஆனால் தினமும் அங்கே உட்காரப்போகிறவள் நீ.

பளபளப்பு வேண்டாம், மேட் போதும். பழைய சுவரின் மேடுபள்ளம் எத்தனை பட்டி பார்த்தாலும் முழுக்க மறையாது; பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளப்பு ஒவ்வொன்றையும் காட்டிக்கொடுக்கும். சமையலறையில் மட்டும் துடைக்கிற மாதிரி, லேசான பளபளப்புள்ள சாட்டின் பெயின்ட் அடி.

கடைசியாக, கதவும் ஜன்னலும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. பழைய எனாமல் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும், தவழ்கிற பிள்ளை கையால் தொட்டு வாயில் வைக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். சுரண்டுவதற்கு முன் ஒரு சில்லை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடு. ஈயம் இருந்தால் அதில் பழக்கமுள்ள ஆள்தான் வேண்டும். நனைத்துத்தான் சுரண்ட வேண்டும், பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

அந்த வேலை நடக்கிற நாட்களில் குழந்தையை அங்கே வைத்திருக்காதே. தேதி முடிவானதும் சொல், நானும் அம்மாவும் வந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

அன்புடன்,
அப்பா