மூளைக்காய்ச்சல் என்றால் கொசு மட்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், "மூளைக்காய்ச்சல் கொசுவால் வருவது, வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டாலே போதும்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அடிக்கோடிட்டு என்னிடம் நீட்டியவள், பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, 2003 இல், இந்நோயால் செவித்திறனை இழந்த என் மகள். அவளைக் கடித்தது எந்தக் கொசு என்பதைத் தங்கள் கட்டுரையாளர்தாம் சொல்ல வேண்டும்.

பல் முளைக்கிற காய்ச்சல் என்று இரண்டு நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் உச்சிக்குழி புடைத்து, தூக்கினாலே வீரிட்டாள். முதுகில் நீர் எடுத்துப் பார்த்த பெரிய மருத்துவர், கலங்கலாக இருக்கிறது, சீழ்தான். ஆனால் முன்பே கிருமிக்கொல்லி ஊசி போட்டுவிட்டதால் எந்தக் கிருமி என்று பரிசோதனையில் தெரியவில்லை என்றார். இந்நாட்டில் இந்நோயின் கணக்கு ஏன் சரிவர அமைவதில்லை என்று எனக்கு அன்றே விளங்கிவிட்டது. வீடு திரும்பிய பின் ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டு கைநழுவி விழுந்தது, குழந்தை திரும்பவில்லை.

இந்தியாவில் 1955 இல் வேலூர்ப் பகுதியில் முதன்முதலாக அறியப்பட்ட ஜப்பானிய மூளை அழற்சி கொசுவால் வருவதுதான். (அந்தக் கொசுவும் பெரும்பாலும் நெல்வயல் நீரில் பெருகுவதே தவிர, நம் வீட்டுக் கொட்டாங்கச்சியில் அன்று.) ஆனால் குழந்தைகளுக்கு மூளையின் உறையில் சீழ் பிடிக்கச் செய்பவை பெரும்பாலும் சளி, இருமல் வழியே தொற்றும் நிமோகாக்கஸ், ஹிப் என்னும் பாக்டீரியாக் கிருமிகள். டெல்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளில் கொள்ளைநோயாகக் கிளம்பிய மெனிங்கோகாக்கஸ் வேறு. மெல்ல மெல்லப் பீடிக்கும் காசநோய்க் கிருமி வேறு. அத்தனைக்கும் சேர்த்து ஒரே சொல், ஒரே கொசு!

ஹிப் தடுப்பூசி அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். நிமோகாக்கஸ் தடுப்பூசி இங்கு 2021 இல் வந்தது. கட்டுரையில் இவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. வியப்பில்லை; 2011 இலேயே "ஒரே ஊசியில் ஐந்து மருந்தா?" என்று தலைப்பிட்டுத் தாய்மார்களைக் கலங்கடித்தவர்கள் தாங்கள். அன்று நான் எழுதிய கடிதத்துக்கும், என் மகளைப் போன்றோரை "ஊமை" என்று எழுத வேண்டாம் எனப் பிறகு எழுதிய இரு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

இம்முறை நான் கேட்பது நான்கு வரித் திருத்தம் மட்டுமே: இந்நோய்க்குத் தடுப்பூசிகள் உண்டு என்பதும், பிழைத்து வரும் குழந்தையின் உட்செவியில் எலும்பு வளர்ந்து அடைத்துவிடக்கூடும் என்பதால் செவிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதும். ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் முப்பதாண்டு வாசகி,
திருச்சிராப்பள்ளி.