மெனுவல் பிக்கப்புகளுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டாம்: சுங்கை சிப்புட் துணைக்கருவிக் கடையினருக்கு ஒரு திறந்த மடல்

சுங்கை சிப்புட் நகரிலும் லிந்தாங், ஜாலோங் சாலையோரங்களிலும் வாகனத் துணைக்கருவிக் கடைகளையும் வயரிங் பட்டறைகளையும் நடத்திவரும் மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும், அங்கே வேலை செய்யும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

வீட்டுக்குள் இருந்தபடியே பொத்தானை அழுத்தி எஞ்சினைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டரை, கையால் கியர் மாற்றும் பிக்கப்புகளுக்குப் பொருத்தித் தருவதை நீங்கள் அனைவரும் கூடிப் பேசி நிறுத்திவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். ஓட்டோ கியர் வண்டிகளில் அதைப் பொருத்துவதற்கு நான் எதிரி அல்ல. முறையாகச் செய்தால் அது பயனுள்ள கருவிதான். மெனுவல் வண்டியின் நிலை வேறு. அது ஏன் வேறு என்பதைத் தோட்டத்துப் பட்டறையில் லாரியும் டிராக்டரும் பிக்கப்பும் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் என்ற முறையில் விளக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இக்கருவியை மக்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. நண்பகலில் செம்பனைக் குலை ஏற்றும் மேட்டில் வெயிலில் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட முடிவதில்லை. முதிய தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் மகன், அவர் ஏறுமுன் வண்டியின் உட்புறம் குளிர்ந்திருக்க வேண்டும் என்று நினைப்பதில் என்ன தவறு இருக்கிறது? புரோட்டோன் எக்ஸ்50 வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் சாவியை அழுத்தியே எஞ்சினைக் கிளப்புவதைப் பார்த்தவர், தம் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பிலும் அது இருந்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பே. இக்கருவி முதலில் பரவியது கனடாவிலும் அமெரிக்காவின் பனி விழும் மாநிலங்களிலும் ஆகும். கண்ணாடியில் படிந்த பனி உருகவும் உறைந்த எஞ்சின் சூடேறவும் அங்கே அது தேவைப்பட்டது. நம்மிடையே அது ஏர்கோனுக்காக வந்து சேர்ந்திருக்கிறது. ஆசை நியாயமானது என்பதால்தான், அதைக் கேட்டு வருபவரிடம் மறுப்புச் சொல்லும் பொறுப்பு உங்கள் மீது விழுகிறது.

நம் நாட்டில் தொழிற்சாலையிலேயே ரிமோட் ஸ்டார்ட்டுடன் வரும் பிக்கப்புகளைக் கவனியுங்கள். ஈசூசு டி-மேக்ஸ் எக்ஸ்-டெரெய்ன் போன்ற உயர்வகைகளில்தான் அது கிடைக்கிறது. அவை ஓட்டோ கியர் வண்டிகள். அதே டி-மேக்ஸின் மெனுவல் வகையில் அவ்வசதி இல்லை. விலையைக் குறைப்பதற்காக மட்டுமே அதை விட்டுவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. ஓட்டோ வண்டியில் கியர் ‘பி’ (பார்க்) நிலையில் இருந்தால் சக்கரங்களுக்குச் செல்லும் தண்டு பூட்டிக்கொள்கிறது, ‘பி’ அல்லது ‘என்’ (நியூட்ரல், அதாவது எந்தக் கியரிலும் இல்லாத) நிலையில் அல்லாமல் ஸ்டார்ட்டருக்கு மின்சாரமே போவதில்லை. கியர் எங்கே இருக்கிறது என்பதை வண்டியே அறிந்திருக்கிறது. நம் ஊரில் ஓடும் மெனுவல் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த அறிவு கிடையாது. கியர் நியூட்ரலில் இருக்கிறதா, முதல் கியரில் இருக்கிறதா என்பது ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் மட்டுமே தெரியும். ரிமோட் ஸ்டார்ட்டர் அந்தக் கையையும் காலையும் வண்டியிலிருந்து அகற்றிவிடுகிறது.

நம் வட்டாரத்தின் நிலத்தையும் பழக்கத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இது மேடும் பள்ளமுமான நாடு. சரிவில் வண்டியை நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதே, கியரில் போட்டு நிறுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வை என்றுதான் தோட்டத்து ஓட்டுநர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அது நல்ல பாடம். அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முதல் கியரில் நிறுத்தப்பட்ட வண்டிக்கு யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து உயிர் கொடுத்தால் என்ன நடக்கும்? எஞ்சினைச் சக்கரங்களிலிருந்து பிரிக்கும் கிளட்ச் மிதிக்கப்படாத நிலையில் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னே தள்ளும். ரயில்வே கேட்டில் எஞ்சின் நின்றுபோனால், முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருகியே வண்டியைத் தண்டவாளத்தைக் கடக்க வைக்கலாம் என்பதைப் பழைய ஓட்டுநர்கள் அறிவார்கள். ஸ்டார்ட்டர் ஒன்றுக்கே அவ்வளவு வலிமை உண்டு. அதன்பின் எஞ்சினும் பிடித்துக்கொண்டால் நிலைமை கைமீறிப் போகிறது. பெட்ரோல் எஞ்சின் சுமை தாங்காமல் திணறி நின்றுவிட வாய்ப்புண்டு. டீசல் எஞ்சின் அப்படியன்று. வேகம் குறையும்போதெல்லாம் கூடுதல் எண்ணெயைச் செலுத்தி அதைச் சமன்செய்யும்படியே டீசல் பம்பும் இன்றைய கணினிக் கட்டுப்பாடும் அமைந்திருக்கின்றன. ஆகவே வண்டி நிற்காது, ஊர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கருவியில் வைத்திருக்கும் பத்து அல்லது பதினைந்து நிமிடக் கெடு முடியும்வரையோ, வீட்டுக்காரர் திகைப்பு நீங்கி மறுபடி பொத்தானை அழுத்தும்வரையோ, எதிரே வரும் சுவர் தடுக்கும்வரையோ அது ஓடும். பிரேக்கை மிதித்தால் எஞ்சின் அணையும்படி கருவியில் ஏற்பாடு இருக்கலாம். மிதிப்பதற்குத்தான் உள்ளே ஆள் இல்லையே!

இது கற்பனை அச்சமும் அல்ல. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இப்படி ஒரு பிக்கப் போர்ச்சிலிருந்து துள்ளிப் பாய்ந்து, இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்து வடிகாலில் முன்சக்கரம் இறங்கி நின்றது. வண்டியை முதல் நாள் இரவு ஓட்டிவந்து நிறுத்தியவர் தம்பி. காலையில் பொத்தானை அழுத்தியவர் அண்ணன். மாலை நேரமாக இருந்திருந்தால் அந்தத் தெருவில் பிள்ளைகள் பூப்பந்து ஆடிக்கொண்டிருப்பார்கள். பொருத்திக் கொடுத்த கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தவறு ஒரு கடையோடு முடிந்துவிடவில்லை என்பதால்தான் உங்கள் எல்லோரையும் விளித்து எழுதுகிறேன்.

மெனுவல் வண்டிக்கென்றே பாதுகாப்பு முறை இருக்கிறதே என்று உங்களில் விவரம் அறிந்தவர்கள் கேட்பீர்கள். உண்மை, நல்ல நிறுவனங்களின் கருவிகளில் அது உண்டு. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ரிமோட்டை அழுத்திவிட்டுச் சாவியை எடுக்க வேண்டும்; எஞ்சின் அணையாமல் ஓடும். ஓட்டுநர் இறங்கிக் கதவுகளை மூடிப் பூட்டிய பிறகே கருவி எஞ்சினை நிறுத்தும். கிளட்சில் கால் இல்லாமலேயே எஞ்சின் ஓடியது என்றால் கியர் நியூட்ரலில் இருந்தது என்று பொருள், அதற்குப் பிறகு எந்தக் கதவும் திறக்கவில்லை என்றால் கியரை யாரும் தொடவில்லை என்று பொருள். இடையில் ஒரு கதவு திறந்தாலும் அடுத்த ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகிவிடும். சிந்தித்துச் செய்த ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை, அதை வடிவமைத்தவர்களை மதிக்கிறேன்.

ஆயினும் அந்த ஏற்பாடு முழுவதும் கதவுச் சுவிட்சுகள் பொய் சொல்லா என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தோட்டத்தில் உழைக்கும் பிக்கப்பின் கதவுச் சுவிட்சை நீங்களே எத்தனை முறை கழற்றிப் பார்த்திருப்பீர்கள்! செம்மண்ணும் உரத்தூளும் மழைநீரும் புகுந்து துருவேறி, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே காட்டும் சுவிட்சுகள் நம் பட்டறைகளில் அன்றாடக் காட்சி. உள்விளக்கு எரியாத வண்டியை அதன் உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் அப்படியே ஓட்டுவார், ஏனென்றால் அது ஒரு விளக்குதானே என்று நினைப்பார். ரிமோட் ஸ்டார்ட்டர் பொருத்திய மெனுவல் வண்டியில் அந்தச் சுவிட்ச்தான் உயிர்க்காவல் என்பதை அவருக்கு யார் சொன்னது? ஹேண்ட்பிரேக் சுவிட்சும் அப்படித்தான். நெம்பு மேலே இழுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே அது அறிவிக்கும். கேபிள் தளர்ந்து, பின்சக்கரத்துப் பிரேக் தேய்ந்து, பிடிமானமே இல்லாமல் போயிருப்பதை அது அறியாது. திறந்த ஜன்னல் வழியே கையை நுழைத்துக் கியரைத் தள்ளும் சிறுவனையோ, வண்டி நகராமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு கியரில் போட்டுவிடும் மாமனையோ எந்தக் கதவுச் சுவிட்சும் பார்க்காது.

இதைவிட வருத்தமான ஒன்று இருக்கிறது. அந்த முறைப்படியான ஏற்பாட்டைக்கூடப் பல இடங்களில் முழுமையாகச் செய்வதில்லை. இணையச் சந்தையில் வாங்கிய மலிவான பெட்டிகளில் மெனுவல் வண்டிக்கான முறையே இருப்பதில்லை. ஓட்டோ வண்டிக்கான பெட்டியையே மெனுவலில் மாட்டிவிடுகிறார்கள். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வகையில் வந்த வண்டிகளில், அந்தச் சுவிட்சின் இரு வயர்களையும் நிரந்தரமாக இணைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு இறங்குவது தொல்லை என்று வாடிக்கையாளர் சலித்துக்கொண்டால், கதவு வயரைத் துண்டித்து அந்தக் காவலையும் நீக்கிக் கொடுக்கிறார்கள். இப்படிச் செய்த வண்டிகளைத் திறந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: சாவியைத் திருகும் சாதாரண ஓட்டுநருக்கு இருந்த காவலும் அவற்றில் இல்லாமல் போயிருந்தது.

ஓட்டோ வண்டிகளைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஸ்டார்ட்டர் வயரைக் கியர் நிலைச் சுவிட்சுக்கு முன்னால் இணையுங்கள். அதைத் தாண்டி நேரே மோட்டாருக்கு இணைத்தால் ஓட்டோவும் மெனுவலின் கதிக்கே வந்துவிடும். பொன்னெட் திறந்திருந்தால் எஞ்சினைக் கிளப்பவிடாத பொன்னெட் சுவிட்சை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், பெல்ட்டில் கை வைத்திருக்கும் மெக்கானிக்கின் விரல்கள் அதை நம்பியிருக்கின்றன. உரிய சாவியின் சிப் இல்லாமல் எஞ்சினைக் கிளப்பவிடாத இம்மொபிலைசரை ஏமாற்றுவதற்காக மாற்றுச் சாவியின் சிப்பை டேஷ்போர்டுக்கு உள்ளேயே சுற்றி வைக்கும் வழக்கத்தை விடுங்கள்; திருடர்கள் தேடி வரும் ஹைலக்ஸில் சாவியை உள்ளேயே வைத்துப் பூட்டுவதற்கு அது ஈடாகும். வேலை முடிந்ததும், இந்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்கும்படி வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

புகையைப் பற்றியும் அவர்களிடம் பேசுங்கள். நம் தாமான் வீடுகளில் பிக்கப்பைப் பின்னோக்கிச் செலுத்திப் போர்ச்சில் நிறுத்துவது வழக்கம். புகைக்குழாய் முன் அறையின் ஜன்னலை நோக்கியிருக்கும், அந்த அறையில் பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ படுத்திருப்பார்கள். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே கார்பன் மோனாக்சைடை வெளியிடும் என்பது மெய். ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 2012-ஆம் ஆண்டிலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஆளில்லாமல் பதினைந்து நிமிடம் ஓடும் எஞ்சினின் புகை எங்கே போகிறது என்பதை உள்ளே இருந்து பொத்தானை அழுத்துபவர் பார்ப்பதில்லை.

செலவும் உண்டு. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தபோது சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாடு நம் நினைவில் இருக்கிறது. ஏர்கோனோடு நின்றபடி ஓடும் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். நாளுக்கு இருமுறை பதினைந்து நிமிடம் ஓடவிட்டால், 26 வேலை நாட்களில் 13 லிட்டர் ஆகிறது. அந்த விலையில் அது நாற்பது ரிங்கிட்டுக்கு மேல். டீசல் துகள் வடிகட்டி உள்ள புதிய வண்டிகளில், சூடேறாத எஞ்சினை அடிக்கடி நின்ற நிலையில் ஓடவிடுவதால் கரி படிந்து வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் சேரும்.

அப்படியானால் மெனுவல் வண்டிக்காரர் வெயிலில் வேக வேண்டியதுதானா? இல்லை. எல்லாக் கதவுகளையும் திறந்து அனலை வெளியேற்றிவிட்டு, ஜன்னல்களை இறக்கியபடி சிறிது தூரம் ஓட்டினால் வண்டி விரைவில் குளிரும். நின்றபடி ஓடும் எஞ்சினைவிட, ஓடும் வண்டியில் ஏர்கோன் கம்ப்ரசர் வேகமாகச் சுழல்வதே காரணம். கண்ணாடிக்கு நல்ல வெப்பத் தடுப்பு டின்ட்டை ஒட்டிக் கொடுங்கள். முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடும் முன்பக்கக் கதவுகளுக்கு 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்ற சாலைப் போக்குவரத்துத் துறையின் வரம்புக்குள்ளேயே அனலைத் தடுக்கும் வகைகள் கிடைக்கின்றன. ரிமோட்டில் பூட்டும் அலாரமும் கேட்பவருக்கு அவற்றை மட்டும் பொருத்துங்கள். உங்களுக்கு வருமானம் குறையாது, அவருக்கும் ஒரு வசதி கிடைக்கும்.

நாங்கள் மறுத்தால் அவர் ஈப்போவுக்குப் போய்ப் போட்டுக்கொள்வார் என்று நீங்கள் சொல்லக்கூடும். போகட்டும். போகிற வழியில், சொந்த ஊரில் இத்தனை கடைக்காரர்கள் ஒரே காரணத்தைச் சொல்லி ஏன் மறுத்தார்கள் என்று ஒரு முறையாவது யோசிப்பார். ஒரே ஒரு கடை மறுத்தால் அது அந்தக் கடைக்கு நட்டம். எல்லாக் கடைகளும் சேர்ந்து மறுத்தால் அது நம் ஊரின் வழக்கமாகிவிடும். அதனால்தான் தனித்தனியே வந்து பேசாமல் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதினேன்.

ஏற்கெனவே பொருத்திக் கொடுத்த மெனுவல் வண்டிகளின் உரிமையாளர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களின் தொலைபேசி எண்கள் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். தீபாவளிக்கு முன் அவர்களை அழைத்து, ஸ்டார்ட் வயரை மட்டும் கழற்றி, பூட்டும் அலாரமும் இயங்கும்படி விட்டுக் கொடுங்கள். கிளட்ச் சுவிட்சு இணைத்துக் கட்டப்பட்டிருந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த வேலைக்குக் கூலி வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆள் போதவில்லை என்றால் நானும், என்னோடு தோட்டத்துப் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற நண்பர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் கடைக்கே வந்து செய்து கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து மெக்கானிக் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.