அம்மிக்கல்லும் குழல்பிட்டும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. மாங்குளத்தில் இரண்டு நாளாய் நல்ல மழை, கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் தோற்ற கதையை வாயால் சொன்னால் அரைவாசியை விழுங்கிவிடுவேன், அதனால் கடிதம்.

சித்திரைக்கு வந்தபோது அம்மியைக் காட்டி, "இது கிரனைட் இல்லை அப்பா, நைஸ் என்கிற வேறு பாறை" என்றாய். முப்பது வருஷம் கிணறு வெட்டினவனுக்கு இவள் கல்லைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளே என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. எனக்குக் கருங்கல் என்றால் கருங்கல்தான். அலவாங்கு 'தொம்' என்று இறங்கினால் உக்கல், அதாவது உக்கி இளகின கல், 'ணங்' என்று எகிறினால் வெடிகாரனைக் கூப்பிட வேண்டும். அதற்கு மேல் ஒரு பெயர் எதற்கு?

நீ போன பிறகு உன் பூதக்கண்ணாடி மேசையில் கிடந்தது. நீ கல்லைப் பற்றிப் படித்து எழுதின பழைய கொப்பியும் அலுமாரியில் இருந்தது. சரி, பார்ப்போம் என்று தொடங்கினேன்.

அம்மியின் மேல்பக்கம் அரைத்து அரைத்து வழுவழுப்பு, ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாய் வரிவரியாய் ஓடுகிறது. இடம்பெயர்ந்திருந்து 2010 இல் திரும்பி வந்தபோது கூரையும் நிலைகதவும் போய், இந்த அம்மி மட்டும் கவிழ்ந்து கிடந்தது. நானும் நீயுமாய்த்தான் நிமிர்த்தினோம். அன்றும் இந்த வரிகள் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

கொப்பியில் அடையற்பாறை அடுக்கடுக்காய் இருக்கும் என்று எழுதியிருந்தாய். நான் உடனே அம்மி அடையற்பாறை என்று முடிவு கட்டி, அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியபோதுதான் விஷயம் விளங்கியது. அடையற்பாறை என்றால் மணலோ சிப்பியோ படிந்து ஒட்டியது. ஒரு மணற்கல்லை நகத்தால் சுரண்டினாலே சிலவேளை மணி உதிரும். அம்மியில் ஒரு மணியும் உதிரவில்லை, ஒன்றின் பல்லுக்குள் மற்றது பூட்டிக் கிடக்கிறது. சூட்டிலும் நெரிசலிலும் கிடந்து கனியங்கள் வரிசை கட்டியிருக்கின்றன. கிரனைட்டில் அதே கனியங்கள்தான், ஆனால் கொத்துரொட்டி மாதிரித் தாறுமாறாய்க் கிடக்கும். நைஸ் என்றால் குழல்பிட்டு: மாவும் தேங்காய்ப்பூவும் மாறி மாறி. இந்த உவமை உன் புத்தகத்தில் இல்லை, வேண்டுமானால் எடுத்துக்கொள்.

வெள்ளைக்கல் விஷயத்தில் என் மானம் போனதையும் எழுதிவிடுகிறேன். நீ பிறக்க முதல், கனகராயன்குளப் பக்கம் ஒரு கிணற்றில் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று வந்தது. சுண்ணாம்புக்கல் என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொன்னேன். அவர் இரண்டு வாளி எடுத்துச் சூளை போட்டார். ஒரு நாள் முழுக்க எரித்தும் கல் கல்லாகவே இருந்தது. வெள்ளை என்பதை மட்டும் பார்த்தேன், அதுதான் பிழை. போன கிழமை அதே மாதிரி ஒரு துண்டைக் கத்தியால் கீறினேன். கல்லில் கீறல் விழவில்லை, கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாய்க் கல்லில் ஒட்டியது. போத்தல் கண்ணாடியில் இழுத்தால் கண்ணாடி கீறுகிறது. இது குவார்ட்ஸ் என்ற கனியம், கடினத்தைச் சொல்லும் மோவின் அளவில் 7. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கல்சைட் 3 தான், கத்திக்கு இளகிக் கொடுக்கும். யாழ்ப்பாணத்துக் கல் ஒன்று பெரியம்மா வீட்டிலிருந்து வந்தது, அதைச் சுரண்டித் தூளில் தேசிக்காய்ப்புளி விட்டேன். மெல்ல நுரைத்தது. வெள்ளைக்கல்லுக்கு ஒரு தேசிக்காயே வீண்.

அப்புறம் உக்கல். அதற்குள் வெள்ளைக் களி வரும், கையில் பிசுபிசுக்கும், ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கருங்கல்லில் இருக்கும் பெல்ஸ்பார் என்ற கனியம் தண்ணீர் பட்டு உக்கிக் களியாகிறது, குவார்ட்ஸ் உக்காமல் மணலாய் நிற்கிறது. முப்பது வருஷமாய் அந்தக் களியைச் சாரத்திலிருந்து கழுவியிருக்கிறேன்.

கொப்பியில் 'வன்னித் தொகுதி' என்று நம் ஊர்ப் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி இருப்பதைப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி ஒட்டியபோது வெந்த கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது, அதிகம் போனால் 2.3 கோடி ஆண்டு. பெரியம்மாவிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கல் பொறுக்கக் காட்டுப்பக்கம் போகிறேனோ என்று பயப்படாதே. மிதிவெடிச் சிவப்புப் பலகையை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் என் கால் இன்னும் நம்பவில்லை. றோட்டுக்குக் கொட்டின சல்லியும் கிணற்று மண்மேடும் எனக்குப் போதும்.

ஒரு கல்லில் மட்டும் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வளவுக் கிணற்றில் வெடி வைத்து எடுத்தது. வரி தெளிவாய் இல்லை, உடைத்த முகம் பச்சையும் கபிலமுமாய் எண்ணெய் பூசினது போல மினுங்குகிறது. சார்னகைட் என்ற பாறையோ என்று சந்தேகம். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரனின் கல்லறைக் கல்லால் வந்த பெயராமே! ஹைப்பர்ஸ்தீன் என்ற கனியம் இருந்தால்தான் அந்தப் பெயர் செல்லும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அது பூதக்கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. பேராதனையில் 0.03 மில்லிமீற்றருக்குச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்ப்பீர்களே, அப்படிப் பார்த்துச் சொல்லு.

வெள்ளிக்கிழமை கண்டி பஸ்ஸில் வரும் தம்பியிடம் பை கொடுத்துவிடுகிறேன். மேலே மரவள்ளிக்கிழங்கு, அடியில் பேப்பரில் சுற்றின கல். கிழங்கை முதலில் எடு, கல் ஓடிப்போகாது. பூதக்கண்ணாடி இப்போதைக்குத் தரமாட்டேன்.

அன்புடன்,
அப்பா