கறுத்த மலத்தை அலட்சியப்படுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வயிறு எரிந்தால் மருந்துக் கடையில் அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரை வாங்கிப் போட்டே பலர் நாள் கடத்துகிறார்கள். எரிச்சல் அடங்கும், ஆனால் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி போகாது. இக்கிருமியைக் கண்டறியும் மூச்சுப் பரிசோதனையையும் இம்மாத்திரை ஏமாற்றிவிடும். மருத்துவரிடம் கேட்டு 2 வாரம் முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் 'இல்லை' என்று வரலாம். ஆன்டிபயாடிக் என்றால் 4 வாரம்.

தார்போல் கறுத்து, பிசுபிசுத்து, கடுமையாக நாறும் மலம், புண் போன்றவற்றால் வயிற்றுக்குள் ஏற்படும் ரத்தக் கசிவின் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பு இருக்காது. திடீரெனக் கத்தியால் குத்தியதுபோல் வலித்து வயிறு பலகையாக இறுகினால், புண் ஓட்டையாகியிருக்கலாம். சோடா குடித்துப் பார்ப்போம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

எண்டோஸ்கோப்பியில் (கேமரா பொருத்திய குழாயை வாய்வழியே செலுத்திப் பார்க்கும் பரிசோதனை) இரைப்பைப் புண் தெரிந்தால், அதன் ஓரத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய்க்குப் பரிசோதித்தார்களா என்று கேளுங்கள்.

இரைப்பை, குடல் நோய் மருத்துவர்,
மதுரை