நெத்தி ஓரத்து முடி போறதுக்குக் காரணம் இழுத்துக் கட்டற ஜடை

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல பெண்கள் பக்கத்துல முடி கொட்டறதுக்கு கைவைத்தியம்னு சின்ன வெங்காயச் சாறு, வெந்தயம், கருஞ்சீரக எண்ணெய்னு நிறைய போட்டிருந்தீங்க. தப்பு சொல்லல, ஆனா நம்ம ஊரு பொம்பளப் புள்ளைங்களுக்கு ரொம்ப வேண்டிய ஒரு விஷயம் அதுல விட்டுப்போச்சு, அதான் எழுதறேன்.

நான் சத்துவாச்சாரியில சின்னதா ஒரு பியூட்டி பார்லர் வச்சிருக்கேன். ஐப்ரோ பண்ணிக்க வர்ற காலேஜ் பொண்ணுங்கள சேர்ல சாய வச்சு நெத்தி முடிய ஒதுக்கினா முதல்ல கண்ணுல படறது அந்த ரெண்டு பொட்டுப் பக்கமும்தான். காதுக்கு மேலருந்து நெத்தி ஓரம் வரைக்கும் முடி மெலிஞ்சு தோல் தெரியும், ஆனா ஓரத்துல ஒட்டினாப்ல பூனைமுடி ஒரு வரிசை மட்டும் நின்னுகினு இருக்கும். அந்த வரிசைய ஸ்கின் டாக்டர்ங்களும் ஒரு அடையாளமா பாக்கறாங்க. அது குட்டையான முடி, ஜடைக்குள்ள சிக்காது, இழுபடாது, அதனால தப்பிச்சு நிக்குது. பக்கத்துல நீளமா இருந்த முடி எல்லாம் இழுபட்டு இழுபட்டு போயிடுச்சு.

டாக்டர்ங்க இத டிராக்‌ஷன் அலோபீசியான்றாங்க. இது புதுசா வந்த வியாதி இல்ல, 1907லயே கிரீன்லாந்துல முடிய இறுக்கி இழுத்துக் கட்டற பொம்பளைங்களுக்கு இப்படி ஆகறத எழுதி வச்சிருக்காங்க. நம்ம நாட்டுல சீக்கிய ஆம்பளைங்களுக்கும் தலைக்கொண்டையால இது வர்றதுண்டு. அதனால தண்ணி சரியில்ல, ஷாம்பு சரியில்லன்னு பேசிக்கினு இருக்கறதுல அர்த்தமில்ல. நாள் பூரா ஒரே இடத்துல இழுத்துகினே இருந்தா வேர்கிட்ட புண்ணாகுது, அப்புறம் வர்ற முடி மெலிசா வருது, அதையும் விட்டா வர்றதே நின்னுபோவுது.

நம்ம பக்கம் இது ஆரம்பிக்கறது ஸ்கூல்லதான். காலைல அவசர அவசரமா எண்ணெய வச்சு படிய வாரி, நடு வகிடு எடுத்து, ரெட்ட ஜட பின்னி, நுனிய மடக்கி காதுகிட்ட தூக்கி ரிப்பன்ல இறுக்கமா ஒரு முடிச்சு, கண்ணு ரெண்டும் மேல ஏறினாப்ல இருக்கும் அந்தப் புள்ளைக்கு. ஒரு முடி பறந்தா கூட அசெம்பிளில வெளிய நிக்க வைக்கறாங்கன்னு என்கிட்ட வர்ற அம்மாங்க சொல்றாங்க (எந்த ஸ்கூல்னு எழுதல, ஒரு ஸ்கூல் மட்டும் இல்ல). அதே வகிடு, அதே முடிச்சு, ஆறாம் கிளாஸ்லருந்து பிளஸ் டூ வரைக்கும். அதுக்கப்புறம் நர்சிங் சேர்ந்தா கொண்டை, வலை, பின்னு. ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போனா முடிய சுருட்டி இறுக்கிக் கட்டி அதுமேல கேப்பு. ஸ்கார்ஃப் போடற பொண்ணுங்களுக்கும் இதேதான், துணியால ஒண்ணும் ஆகல, உள்ள இறுக்கிக் கட்டற கொண்டையாலதான் ஆவுது.

இறுக்கிப் பின்னினாதான் முடி நீளும்னு இன்னும் நம்பறாங்க. செடியப் புடிச்சு இழுத்தா வளருமா? முடி மாசத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும், எப்படிப் பின்னினாலும் அவ்ளோதான்.

இன்னொண்ணு, பொட்டுல முடி போனா உடனே புழுவெட்டுன்றாங்க. அது வேற. உடம்போட எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்கறதால வர்றது அது, பெரும்பாலும் வட்டமா, வழவழன்னு, தலைல எங்க வேணா வரும். இது இழுக்கற இடத்துல மட்டும் வரும். குடியாத்தத்துலருந்து ஒரு அம்மா பொண்ண கூட்டிக்கினு வந்தாங்க, புழுவெட்டுன்னு நினைச்சு வெங்காயத்த அரைச்சு தேச்சிருக்காங்க, ஏற்கெனவே சிவந்து பொரிப்பொரியா இருந்த இடம் வெந்துபோய் தோல் உரிஞ்சிருக்கு. அதுல என்ன கொடுமைன்னா வெங்காயம் தேச்ச தலைய அலசிட்டு அதே ஜடைய அதே இறுக்கத்துல போட்டுதான் என்கிட்ட கூட்டிக்கினு வந்திருக்காங்க. நான் தலைல கை வைக்கல, முதல்ல ரிப்பன அவுத்து வுடுங்க, அப்புறம் ஸ்கின் டாக்டர பாருங்கன்னு அனுப்பிட்டேன்.

வைத்தியம் எப்பவும் அந்த அவுக்கறதுலதான் ஆரம்பிக்குது. ஆரம்ப கட்டமா இருந்தா பல பேருக்கு இழுக்கறத நிறுத்தினாலே சில மாசத்துல முடி திரும்ப வரும். சிவந்து, அரிச்சு, சின்னச் சின்ன கொப்புளமா இருந்தா டாக்டர் வீக்கம் குறைய ஸ்டீராய்டு லோஷனோ அந்த இடத்துலயே ஊசியோ போடுவாங்க, சீழ் வச்சிருந்தா ஆன்டிபயாடிக் தருவாங்க. முடி வளர மினாக்சிடில் எழுதித் தருவாங்க, அதப் போட்ட முதல் சில வாரம் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்துபோய் நிறுத்திடறாங்க, அப்படி நிறுத்தினா பலன் தெரியாது, மாசக்கணக்குல போடணும். கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க அதத் தொடக்கூடாது, ஸ்கூல் புள்ளைங்களுக்கு டாக்டர் சொல்லாம மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போடக்கூடாது. ஸ்டீராய்டு கிரீமும் அப்படித்தான், வாட்ஸ்அப்ல யாரோ சொன்னாங்கன்னு வாங்கிப் பூசினா தோல் மெலிஞ்சுபோகும். ரொம்ப வருஷம் கழிச்சு, தோல் பளபளன்னு ஆகி முடி வர்ற துவாரமே தெரியலன்னா அங்க தழும்பாயிடுச்சுன்னு அர்த்தம், எண்ணெய் மருந்து எதுக்கும் வராது, முடி நடற ஆபரேஷன்தான், அது எல்லாராலயும் முடியற செலவா?

செலவுன்னு யோசிக்கறவங்களுக்கு சொல்றேன், அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில தோல் டாக்டர்ங்க இருக்காங்க, கவர்மென்ட் ஆஸ்பத்திரி, எண்ணெய் பாட்டிலுக்கு ஆகற காசு கூட ஆகாது. தலை முழுக்க கொட்டுதுன்னா மட்டும் கதை வேற, டெங்கு மாதிரி காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சும், பிரசவத்துக்கு அப்புறமும் அப்படிக் கொட்டும், ரத்தக் குறைவு தைராய்டாலயும் கொட்டும், டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்.

வீட்டுல செய்யறதுக்கு பெரிய வித்தை ஒண்ணும் வேணாம். ஜட போட்டதும் வலிச்சா, தலை வலிக்குதுன்னு புள்ள சொன்னா, மாத்திரை குடுக்காதீங்க, அவுத்துட்டு லூசா போடுங்க. வகிட்ட மாத்தி மாத்தி எடுங்க. ஈரத்தலையோட இறுக்கிக் கட்டாதீங்க. வெறும் ரப்பர் பேண்டுக்கு பதிலா துணி சுத்தின பேண்டு போடுங்க. ராத்திரி தூங்கும்போது தளர வுடுங்க, சவுரி வச்சிக்கினு படுக்கவே கூடாது. கல்யாணத்துக்கு ஒரு நாள் சவுரி வச்சு பூ ஜட போடறதுல ஒண்ணும் ஆகாது (என் பொழப்பே அதுலதான் ஓடுது), ஆனா ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ண முடியில ஹேர் எக்ஸ்டென்ஷன் ஒட்டி மாசக்கணக்குல வச்சிருக்கறது வேணாம், மருந்து போட்ட முடிக்கு தெம்பு கம்மி, வெயிட்டு தாங்காது.

மாவட்டக் கல்வி அதிகாரிங்களுக்கு உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். முடி முகத்துல விழாம சுத்தமா இருக்கணும்னு சொல்லுங்க, அது நியாயம். மடிச்சுக் கட்டணும், ஒரு முடி தெரியக்கூடாதுன்றத மட்டும் விட்டுடச் சொல்லி ஸ்கூலுங்களுக்கு ஒரு சர்க்குலர் அனுப்பினா போதும், தளரப் பின்னின ஒத்த ஜடைக்கும் அனுமதி குடுத்தா இன்னும் நல்லது. நெத்தி ஏறிப்போன புள்ளைக்கு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தா அத வாங்கி வச்சிக்கினு அந்தப் புள்ளைய வெளிய நிக்க வைக்காம இருக்கணும்னும் அதுல சேருங்க. சார், நீங்களும் அடுத்த தடவ அந்தப் பக்கத்துல ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட கேள்வி பதில் வாங்கிப் போடுங்க, கேக்கறதுக்கு என் கடைக்கு வர்ற பொண்ணுங்ககிட்டயே நிறைய இருக்கு.

இப்படிக்கு,
ஒரு பியூட்டி பார்லர்க்காரி,
சத்துவாச்சாரி, வேலூர்.