நீங்கள் அனுப்பும் படத்தை ஏன் மாற்றி வரைகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

குழந்தையின் பெயரையோ ஒரு யானைப் படத்தையோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதை அப்படியே மரத்தில் அறுத்துக் கொடுங்கள்" என்று கேட்கிறீர்கள். ஓரிரு நாளில் எங்களிடமிருந்து ஒரு வரைபடம் வருகிறது. அதில் யானையின் தும்பிக்கை மடங்கி வாயோடு ஒட்டியிருக்கும்; பெயரின் மேலிருந்த புள்ளி எழுத்தோடு சேர்ந்திருக்கும்; மானின் கொம்பு குட்டையாகியிருக்கும். "நான் கேட்டது இது இல்லையே" என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். போனில் பாதிதான் சொல்ல முடிகிறது. நவராத்திரி, தீபாவளி ஆர்டர்கள் தொடங்கும் நேரம் என்பதால் முழுதாக எழுதிவிடுகிறோம்.

முதலில் கருவி. நாங்கள் பொம்மை அறுப்பது ஸ்க்ரோல் சாவில். பார்க்கத் தையல் மெஷின் போல இருக்கும். ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து அங்குல நீளத்தில் மெல்லிய பிளேடு ஒன்று விறைப்பாக மாட்டியிருக்கும். நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மேலும் கீழும் ஓடும். பிளேடு நின்ற இடத்திலேயே ஓட, மரத்தைத்தான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து, கோட்டின் மேல் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். கரண்டில் ஓடும் கருவி என்பதால் "முழுக்க முழுக்கக் கையால் செய்தது" என்று நாங்கள் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் கோடு பிசகாமல் போவது கையைப் பொறுத்தது. அதனால்தான் ஒரே அச்சில் (மரத்தின் மேல் ஒட்டும் வரைபடத் தாளில்) அறுத்த இரண்டு யானைகள் கூடத் துளி வித்தியாசமாக வரும்.

"லேசரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?" கிடைக்கும். மெல்லிய பிளைவுட்டில் லேசர் நன்றாகவே வேலை செய்யும். சாவிக்கொத்துக்கு அது போதும் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். ஆனால் லேசர் மரத்தை எரித்து வெட்டுகிறது. ஓரம் கருக்கும், புகை வாடை சில நாள் போகாது, முக்கால் அங்குலக் கட்டை என்றால் சின்ன லேசர் திணறிவிடும். கணினி ஓட்டும் வெட்டுக் கருவியான சி.என்.சி. ரவுட்டர் கனமான மரத்தையும் வெட்டும். ஆனால் சுழலும் முனை உருண்டை என்பதால் உள்மூலையெல்லாம் வளைந்துதான் வரும். ஸ்க்ரோல் சா பிளேடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடம்தான் விடும், கூர்மூலையில் நின்ற இடத்திலேயே திரும்பும். துண்டுகள் ஒன்றோடொன்று உட்கார வேண்டிய புதிர்ப் பலகைக்கு இது பெரிய வசதி.

வெளிக்கோடு அறுப்பது சுலபம். உள்ளே ஓட்டை வந்தால்தான் பாடு. ட்ரில்லில் ஒரு துளை போட வேண்டும், பிளேடின் ஒரு முனையைக் கழற்ற வேண்டும், துளைக்குள் நுழைத்து மறுபடி மாட்டி முறுக்கேற்ற வேண்டும், அப்புறம்தான் அறுக்கலாம். அடுத்த ஓட்டைக்கும் இதே கதை. தமிழ்ப் பெயர்களுக்கு நாங்கள் நீளத்தைப் பார்த்து விலை சொல்லாததற்குக் காரணம் இதுதான். "பிரியா" என்ற பெயரில் உள் ஓட்டையே கிடையாது. "கண்ணன்" என்றால் எழுத்துக்கு எழுத்து சுழி. மூன்று சுழி ண வேறு அடுத்தடுத்து இரண்டு. பெயர் பார்க்கச் சின்னது, வேலை இரட்டிப்பு.

இனி புள்ளி. காகிதத்தில் புள்ளி எழுத்துக்கு மேலே தனியாக மிதக்கலாம். மரத்தில் அறுத்தால் அது தனியாகக் கீழே விழுந்துவிடும். சுவரில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு, மெல்லிய கழுத்து ஒன்றை விட்டுப் புள்ளியை எழுத்தோடு பிடித்து வைக்கிறோம். இரண்டடி தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளின் பெயர்ப் புதிரில் இன்னும் கறாராக இருக்கிறோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனைக் குழாய் உண்டு. விட்டம் 31.7 மில்லிமீட்டர், அடி சாய்வானது, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. எந்தப் பக்கமாகப் போட்டாலும் சரி, ஒரு துண்டு இதற்குள் முழுதாக அடங்கிவிட்டால் அது தொண்டையில் சிக்கக்கூடிய துண்டு. தனிப் புள்ளி இதில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். அதனால் புதிரில் எழுத்தும் புள்ளியும் ஒரே கட்டையில்தான் வரும். "புள்ளியைத் தனியாக எடுத்து வைத்தால் மெய்யெழுத்து நன்றாகப் புரியுமே" என்று ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான், பெரிய பிள்ளைகளுக்குச் செய்து தருகிறோம். கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குத் தருவதில்லை.

எழுத்துகளின் கொம்பும் காலும் இதே தகராறுதான். "கொ" என்பது அறுத்தால் மூன்று துண்டு. நாங்கள் மூன்றையும் அடியில் ஒரு பட்டை விட்டு ஒன்றாக்கிவிடுகிறோம். குழந்தை அதை ஓர் எழுத்தாகத்தானே படிக்கப்போகிறது? இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய எழுத்து எங்களுக்கு மிகவும் தோது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு "அண்ணாமலை"யின் ணாவும் லையும் பிரியாத ஒற்றை எழுத்துகள். தும்பிக்கை வைத்த அந்த லையை அறுப்பது தனி சுகம். எங்கும் ஒட்டுப்போட வேண்டியதில்லை. தாத்தா பெயரில் வீட்டுக்குப் பலகை செய்பவர்கள் கேட்டால் பழைய வடிவத்திலேயே தருகிறோம். குழந்தைகளின் புதிருக்கு மட்டும் பள்ளியில் இன்று சொல்லித்தரும் வடிவம்தான்.

மிருகங்களின் படத்தை நாங்கள் மாற்றுவதற்குக் காரணம் மரத்தின் நார். விறகு பிளப்பவர்களுக்குத் தெரியும்: மரம் நாரோட்டத்தின் வழியே எளிதாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. மான் பொம்மையில் கால் மெலிந்தது என்பதால் காலின் நீளத்தோடு நார் போகும்படி அச்சை ஒட்டுகிறோம். குறுக்கு நாரில் கால் வந்தால் முதல் முறை கீழே விழும்போதே முறிந்துவிடும். ஆனால் காலுக்கு ஏற்ற நார், படுக்கைவாட்டில் நீண்ட கொம்புக்கும் வாலுக்கும் எதிராகிவிடும். அதனால் வாலை உடம்போடு ஒட்ட வளைக்கிறோம், கொம்பைக் குட்டையாக்கித் தடிமனாக்குகிறோம். ஒட்டகச்சிவிங்கிக்குக் காலும் கழுத்தும் ஒரே போக்கு, ஒரு தொல்லையும் இல்லை. கொம்பு மேல்நோக்கி நிற்கும் ஜல்லிக்கட்டுக் காளையும் அப்படியே. யானையின் நீட்டிய தும்பிக்கை நிச்சயம் உடையும். மடக்கி வாயருகே கொண்டுவந்தால் நடுவில் ஒரு ஓட்டை கிடைக்கும், குழந்தை விரல் விட்டுப் பிடித்துக்கொள்ளும். தோகை விரித்த மயிலை மட்டும் ஒற்றைக் கட்டையில் கேட்காதீர்கள். எல்லாத் திசையிலும் இறகு போனால் பாதி இறகு நாருக்குக் குறுக்கேதான் விழும். அதற்கு மட்டும் பிளைவுட் எடுக்கிறோம், அடுக்குக்கு அடுக்கு நார் மாறி மாறி இருப்பதால் தாங்கும்.

எந்த மரம் என்பதையும் பல நேரம் நாங்களே மாற்றுகிறோம். குழந்தை வாயில் வைக்கும் சாமான்களுக்கு வெட்பாலை எங்களுக்குப் பிடித்தது. கர்நாடகத்தின் சென்னபட்டணா பொம்மைகளும் பாரம்பரியமாக இந்த மரத்தில் செய்தவைதான். வெளுப்பான, நெருக்கமான நார், இழைத்தால் தந்தம் போல் வரும், சிம்பு கிளம்பாது. வேங்கை பார்க்க அழகு, ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும், எச்சில் ஊறும் பொம்மைக்கு ஆகாது. பலாவில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: அறுத்த புதிதில் பளீரென்று மஞ்சளாக இருக்கும், வருடங்கள் போகப்போகத் தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகும். அது கெட்டுப்போனது இல்லை. மரநாரைப் பசை சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையில் பொம்மை செய்வதில்லை, கொலுவுக்கு மரப்பாச்சியும் செய்வதில்லை. மரப்பாச்சி உளி பிடித்துச் செதுக்கும் வேலை, அதற்கான கைகள் வேறு.

பளபளப்பு போதாது என்று சொல்பவர்களுக்கு: வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. செக்கில் ஆட்டிய ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் மட்டும்தான் தேய்க்கிறோம். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் "பாயில்டு" லின்சீட் ஆயில் சீக்கிரம் காயும், ஆனால் அப்படிக் காய்வதற்காகவே அதில் உலோகச் சேர்மங்கள் சேர்த்திருப்பார்கள். சுத்தமான எண்ணெய் காய நாள் எடுக்கும். நீங்கள் காத்திருப்பதில் பாதி அதற்காகத்தான். பெரிய பிள்ளைகளின் பொம்மைக்கு நிறம் வேண்டுமென்றால், ஈய அளவு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்புக்குள் இருப்பதாக டப்பாவில் அச்சிட்ட பெயிண்ட் மட்டும் பயன்படுத்துகிறோம். பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஏன் இல்லை என்றும் கேட்கிறீர்கள். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். மத்திய அரசின் கைவினைத் துறை ஆணையரகத்தில் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு, நாங்கள் அந்த வகையில் வருகிறோம். விலக்கு இருக்கிறது என்று சும்மா இருந்துவிட முடியாது. சின்னக் குழந்தைகளுக்கான ஒவ்வொரு துண்டும் மேலே சொன்ன குழாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போகிறது.

மழைக்காலத்தில் புதிர்த் துண்டுகள் இறுகிக்கொண்டதாக ஐப்பசி, கார்த்திகையில் போன் வரும். மரம் ஈரத்தை இழுத்து நாருக்குக் குறுக்குவாட்டில் ஊதும். சுத்தியலால் தட்டிவிடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் வைத்தால் தானாக இளகும். எந்தப் பொம்மையையும் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வளைகாப்பு, கிரகப்பிரவேசத் தாம்பூலப் பைக்கு மொத்தமாகக் கேட்பவர்களுக்கு: ஒரே வடிவம் என்றால் மெல்லிய பலகைகள் நாலைந்தை அடுக்கி டேப் சுற்றி ஒரே ஓட்டத்தில் அறுத்துவிடலாம், விலை நன்றாகக் குறையும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர் என்றால் அடுக்க வழியில்லை, தனி விலைதான்.

ஆர்டர் அனுப்பும்போது பெயரைத் தமிழில் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து அனுப்பினால் சந்தியாவா சந்த்யாவா, ஹரிணியா ஹரினியா என்று எங்களுக்குத் தெரியாது. சுழி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மரத்தில் திருத்த முடியாது. குழந்தையின் வயதையும் மறக்காமல் எழுதுங்கள், புள்ளியை என்ன செய்வது என்பது அதை வைத்துத்தான். வரைபடம் வந்ததும் வீட்டில் பெரியவர்களிடம் ஒருமுறை காட்டிவிட்டு "சரி" என்று பதில் போடுங்கள். அந்தப் பதில் வந்த பிறகே பிளேடை மாட்டுகிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து