பார்ட்டின்னா கேக் வெட்டறது மட்டும் இல்லீங்க, ஆசிரியர் ஐயா

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, இங்கிலீஷ் பேசச் சொல்லித்தர்ற பகுதியில, "திருப்பூர், ஈரோடு பக்கம் கஸ்டமரைப் போய் பார்ட்டிங்கறாங்க, பார்ட்டின்னா விருந்து, வெள்ளைக்காரன் காதுல விழுந்தா கேக் எங்கேன்னு தேடுவான்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சு நெம்ப சந்தோசமுங்க. எங்கூருக்கு வருசம் பூரா வெள்ளைக்காரங்க வந்துட்டுத்தான் இருக்காங்க, இது வரைக்கும் ஒருத்தரும் கேக் தேடுனதா நான் கேள்விப்படல, ஆனா உங்களுக்குத் தெரியாததா.

நான் திருப்பூர்ல பவர்டேபிள் வச்சு நடத்தறவ. கம்பெனிக்காரங்க கட் பண்ணி அனுப்பற துணிப் பீஸை ஓவர்லாக், பேட்லாக்னு தையல் மிசின்கள்ல ஓட்டி, செக்கிங் பண்ணி, மடிச்சுக் கட்டித் திருப்பிக் குடுக்கற சோலி. எங்க ஊர்ல யாரு பார்ட்டின்னு கொஞ்சம் சொல்றேன், கேட்டுக்கங்க. எனக்கு வேலை குடுக்கற கம்பெனி எனக்குப் பார்ட்டி. அந்தக் கம்பெனிக்கு நூல் குடுக்கற கடைக்காரர் அவங்களுக்குப் பார்ட்டி, அவங்ககிட்ட சரக்கெடுக்கற வடநாட்டுக்காரர் அவரும் பார்ட்டி. வாங்கறவங்களும் பார்ட்டி, விக்கறவங்களும் பார்ட்டி. நீங்க சொன்னாப்ல கஸ்டமர்னு மாத்திக்கிட்டா நூல் குடுக்கறவரை என்னன்னு கூப்பிடறதுங்க? கஸ்டமர்ங்கறவர் கடைக்கு வந்து காசைக் குடுத்துட்டு பொருளை எடுத்துட்டுப் போயிடுவாரு. பார்ட்டி அப்படி இல்ல. கணக்கு இருக்கும், பாக்கி இருக்கும், டேமேஜுன்னு சொல்லிப் பணத்தைக் கழிச்சு டெபிட் நோட் போடுவாங்க, தீவாளிக்கு ஸ்வீட் பாக்ஸும் குடுத்து விடுவாங்க, அடுத்த மாசம் சண்டை, அதுக்கடுத்த மாசம் அவங்க வீட்டு சீருக்கு நாம போய் மொய் எழுதிட்டு வருவோம். இத்தனையும் ஒரு சொல்லுல அடங்குதுன்னா அந்தச் சொல்லு உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு.

நான் பி.காம் படிச்சவதானுங்க, அதுவும் தமிழ் மீடியத்துல இருந்து போயி. இந்தியன் கான்ட்ராக்ட் ஆக்ட் 1872ன்னு ஒரு சட்டம் இருக்குது. அதுல செக்‌ஷன் 10 படிச்சுப் பாருங்க, ஒப்பந்தம் செல்லுபடியாகோணும்னா பார்ட்டிகளோட சுய சம்மதம் வேணும்னு வெள்ளைக்காரன் காலத்துலயே எழுதி வச்சிருக்குது. அவன் அங்க விருந்துக்கு வந்தவங்களோட சம்மதத்தைக் கேக்கலீங்க. ஒப்பந்தத்துல ரெண்டு பக்கமும் நிக்கறவங்க பேருதான் பார்ட்டி. டிக்ஷனரியை எடுத்துப் பாத்தா, பங்கு, பக்கம்னு அர்த்தம் வர்ற பழைய பிரெஞ்சு சொல்லுல இருந்துதான் இதே வந்திருக்குது. கோர்ட்டு வழக்குல ஒரு பக்கத்துக்காரர்ங்கற அர்த்தம்தான் பழசு, விருந்துங்கறதெல்லாம் 18ஆம் நூற்றாண்டு வாக்குலதான் வந்து சேந்தது. ஆக நாங்க தப்பா மாத்தல, அந்தப் பழைய அர்த்தத்துல நாங்க இன்னும் யாவாரம் பண்ணிட்டிருக்கோம், அவ்வளவுதான்.

அட அதை விடுங்க, தமிழுக்கே வாங்க. வக்கீலுக்கு யாருங்க? கட்சிக்காரர். "என் கட்சிக்காரர் குற்றமற்றவர் என்று வக்கீல் வாதாடினார்"னு உங்க பேப்பர்லயே வாரத்துக்கு நாலு நியூஸ் வருது. அங்க கட்சின்னா தேர்தல் கட்சியான்னு யாராச்சும் கேட்டாங்களா? பசங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு வெளையாடறதில்லையா? வக்கீல் சொன்னா கட்சிக்காரர், பனியன் கம்பெனிக்காரன் அதையே இங்கிலீஷ்ல பார்ட்டின்னு சொன்னா மட்டும் எகத்தாளமா. கல்யாணத்துல மாப்பிள்ளை பார்ட்டி, பொண்ணு பார்ட்டின்னு சொல்றதும் அதே கணக்குத்தானுங்க. உங்க எழுத்தாளர் ஸ்கூட்டர் வச்சிருந்தா தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டித்தான் ஆகோணும், மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்குது. மூணாவது விருந்துக்கு இன்சூரன்ஸ்னு நெனச்சுக் கட்டறாரோ என்னமோ. கணக்கு எழுதறதுக்கு கம்ப்யூட்டர்ல டேலி சாப்ட்வேரைத் தொறந்து ஒரு பில்லு போட்டுப் பாருங்க, மேலாலயே பார்ட்டி ஏ/சி நேம்னுதான் கேக்கும், அதுல நாங்க கேக் பேரை எழுதறதில்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். எங்க மாமியார் காலமானப்போ உங்க பேப்பர்ல கண்ணீர் அஞ்சலி குடுத்தோம். உங்க விளம்பரப் பிரிவு குடுத்த பில்லு பீரோவுல இருக்குது, தேடி எடுத்தேன். அதுல எங்கூட்டுக்காரர் பேருக்கு மேல என்ன அச்சடிச்சிருக்குது தெரியுங்களா, பார்ட்டி நேம். சாவு விளம்பரத்துக்குப் பார்ட்டி. எங்களுக்கு சிரிப்பும் வரல, நாங்க எழுதிப் போட்டு ஊரு சிரிக்க வைக்கவும் இல்ல. போட்டோ வேற மங்கலா வந்திருந்துச்சு, அதுக்கு அன்னிக்கு போன் பண்ணினா இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல, அது தனிக் கதை.

எம்பட பொண்ணு காலேஜ் படிக்கறா. அந்தப் பக்கத்தை என் முன்னால நீட்டி, "அம்மா, இனிமே போன்ல பார்ட்டி பார்ட்டின்னு கத்தாதம்மா, என் பிரண்ட்ஸ் இருக்கறப்போ அசிங்கமா இருக்குது"ங்கறா. அவ காலேஜ் பீஸ் எந்தப் பார்ட்டி குடுத்த பேமென்ட்ல கட்டுனதுன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. ஆனா உங்களைக் கேக்கலாம்ல. எங்க பேச்சுன்னாலே உங்க ஆளுங்களுக்கு அப்படி என்ன லொள்ளு? ஒருக்கா "ஏனுங்க"வை வச்சு கார்ட்டூன் போட்டீங்க, இன்னொருக்கா "நெம்ப"வை வச்சு ஜோக்கு. மரியாதையாப் பேசறது உங்களுக்குக் காமெடியாப் போச்சு.

டாலர் சிட்டி, டாலர் சிட்டின்னு எங்க ஊரைப் பத்தி எழுதறதுல மட்டும் கொறைச்சல் இல்ல. எக்ஸ்போர்ட் எத்தனை ஆயிரம் கோடின்னு முதல் பக்கத்துல கட்டம் கட்டிப் போடுவீங்க. அந்த டாலர் எந்தக் கலர்ல இருக்கும்னு எங்க லைன்ல தைக்கற ஒரு டைலருக்கும் தெரியாது, கைமடிக்கற பொம்பளைகளுக்கும் தெரியாது. 2011 ஜனவரியில கோர்ட்டு உத்தரவுல சாயப்பட்டறைகளை மூடினாங்களே, சாயக்கழிவுல நொய்யல் ஆத்துத் தண்ணி கெட்டுப்போனது நெசம், மூடச் சொன்னதுல நான் தப்புச் சொல்லல, ஆனா துணி சாயத்துக்குப் போகாம எங்க மிசினெல்லாம் ஒட்டுக்கா சும்மா கெடந்துச்சு. உங்க பேப்பர்ல பெரிய பெரிய முதலாளிங்க பேட்டிதான் வந்துச்சு. பவர்டேபிள்காரன் என்ன பண்றான்னு ஒரு வரி? அன்னிக்கு நாங்களும் ஒரு பார்ட்டின்னு உங்களுக்குத் தோணலை பாருங்க.

இப்ப கதை என்னன்னா, சிறு குறு யூனிட்டுக்கு எச்சாப் போனா 45 நாளுக்குள்ள பணம் குடுக்கோணும்னு 2006லயே சட்டம் போட்டாச்சு. 2024 ஏப்ரல்ல இருந்து, டைமுக்குள்ள குடுக்காத பாக்கியை அந்த வருசச் செலவா இன்கம்டாக்ஸ்ல காட்ட முடியாதுன்னும் கொண்டு வந்தாச்சு. அதுக்கப்புறம் என்னாச்சுங்கறீங்க, "அக்கா, உங்க உத்யம் சர்டிபிகேட் நம்பரை பில்லுல போடாதீங்க, போட்டா வேலை குடுக்கறது கஷ்டம்"னு நைசாச் சொல்றாங்க. உத்யம்ங்கறது நாங்க சிறு குறு யூனிட்டுதான்னு அரசாங்கம் குடுக்கற பதிவுங்க. நானும் போடல, வேற என்ன பண்றது, சனிக்கிழமையானா டைலருக்குச் சம்பளம் எண்ணி வைக்கோணும், பார்ட்டி இன்னும் குடுக்கலைன்னு அவங்ககிட்டச் சொல்லி நிக்க முடியுங்களா. இந்த வெசனத்தைப் பத்தி உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதினேன், வரல. மறுபடி எழுதினேன், அதுவும் வரல. சரி, இடம் இல்லைபோலன்னு நெனச்சுக்கிட்டேன். கேக் ஜோக்குக்கு மட்டும் படம் வரைஞ்சு கால் பக்கம் இடம் இருக்குதுங்க.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்லீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பகுதியில, பார்ட்டின்னா ஒப்பந்தத்துல, கணக்குல ஒரு பக்கத்துக்காரர்ங்கற அர்த்தமும் உண்டு, அது தப்பில்லைன்னு ஒரு வரி போட்டுடுங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாம். எம்பட பொண்ணு கண்ணுல படற மாதிரி கொஞ்சம் பெரிய எழுத்துல போட்டா உதவியா இருக்கும்.

லெட்டர் நீளமாப் போச்சுன்னு சுருக்கறதா இருந்தா டிக்ஷனரி, வக்கீல் எல்லாத்தையும் வெட்டிக்கங்க, கேக்கையும் வெட்டிக்கங்க. அந்த 45 நாள் விசயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

இப்படிக்கு,
பவர்டேபிள் நடத்தும் வாசகி,
திருப்பூர்.